அரவேணுவிலிருந்து ஒரு விமானம்

எட்டாவது பிறந்தநாளுக்கு
விமானம் வேண்டும் என்றாள் ஜெனிலா.
பொம்மை இல்லை. ஏறி உட்காருகிற விமானம்.
கையில் எழுநூற்றைம்பது ரூபாய் இருந்தது,
அதிலும் நூறு சிலிண்டருக்கு எடுத்துவைத்தது.

யோசித்துப் பார்த்தேன்.
எங்கள் லைன் வீடு இருப்பதே
கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடி மேலே.
கொஞ்ச தூரம் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது.
மீதியை அட்டையில் செய்துகொள்ளலாம்.

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில்
கோணலாய் விழுந்த பிரதிகளுக்குக் கணக்கில்லை.
முதலாளியிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கிவந்தேன்.
வெட்டி, ஓரம் மடித்து, இருக்கை எண் எழுதிப்
பன்னிரண்டு போர்டிங் பாஸ்.
திருப்பினால்
யாருடைய பட்டாவோ பாதி,
ஒரு ரேஷன் கார்டின் குடும்பத் தலைவர்,
கழுத்தோடு நின்றுபோன ஒரு மாப்பிள்ளை.

பலூன் வேண்டாம் என்று முடிவெடுத்தது சிக்கனம்.
மலையில் பிளாஸ்டிக் கூடாது என்று
பிள்ளைகளிடம் சொன்னது கௌரவம்.

மருந்துக்கடைப் பெட்டியில் வட்டம் வெட்டி ஜன்னல்.
'கவனம், உடையும்' என்ற எழுத்தை மறைக்க மறந்துபோனேன்.
மைதா, சர்க்கரை, மாதி அக்கா கடனாய்த் தந்த ஆறு முட்டை,
காஸ்கெட் கழற்றிய குக்கரில் கேக்.
ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் படுத்துவிட்டது.
"இதுதான் ஓடுபாதை" என்றேன்.
ஜெனிலா நம்பவில்லை, மன்னித்தாள்.
கழற்றிய காஸ்கெட்டை எடுத்துப் போய்
ஸ்டீயரிங் ஆக்கிக்கொண்டாள்.

பக்கத்துவீட்டு சகாயம், அரசு பஸ் கண்டக்டர்,
சீருடையிலேயே வந்தார்.
ட்யூட்டி முடிந்து மாற்ற நேரமில்லை என்றார்.
சட்டையின் இஸ்திரி மடிப்பு அப்படிச் சொல்லவில்லை.
வாசலில் நின்று ஒவ்வொரு பாஸையும்
ஓரம் கிழித்துக் கொடுத்தார்.
"படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ."
மேகம் அதிகமாய் இருப்பதால்
குஞ்சப்பனை செக்போஸ்டில் நிற்காது என்று அறிவித்தார்.
துப்பட்டாக்களால் எல்லாரையும் பெஞ்சோடு கட்டினோம்.
இரண்டு விசில்.
வீடு கிளம்பியது.

கழுத்தில் மஃப்ளரை முடிந்துகொண்டு
முறத்தில் ஏந்திப் போனேன்.
"வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்டது சும்மா.
இருந்தது வர்க்கி.
ஜன்னல் ஒன்றுதான் என்பதால்
ஆளுக்கு ஐந்து நிமிஷம் வானம்.

கடைசி வரிசையில் சஃபீக் கை தூக்கினான்.
"இது தோஹாவுல நிக்குமா?"
அவன் அத்தா போய் மூன்று வருஷம்.
நான் முறத்தோடு நின்றுவிட்டேன்.
சகாயம் பையிலிருந்து டிக்கெட் கட்டை எடுத்துப்
புரட்டினார், நிஜமாகவே தேடுகிறவர்போல.
"ஸ்டேஜ் இருக்கு தம்பி. ஆனா ரெண்டு நிமிஷம்தான்.
இறங்கிட்டு உடனே ஏறிடணும்."

துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டு
பின்கதவு வழியாக மூடுபனிக்குள் போனான்.
காத்திருந்தோம்.
பைலட்கூட ஹாரன் அடிக்கவில்லை.
தலைமுடியெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்து
"அங்க செம குளிர்" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
இன்னொரு வர்க்கி கேட்டான்.

ஆறரைக்குப் பனி விலகியது.
அட்டை ஜன்னலுக்கு அப்பால், வெகு கீழே,
மேட்டுப்பாளையம் பொட்டுப் பொட்டாய் எரிந்தது.
"தரை தெரியுது!" என்று கத்தினாள் ஜெனிலா.
பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்ததில்
ஒரு பெஞ்சு நிஜமாகவே கவிழ்ந்தது.
சகாயம் ஒற்றை விசில் கொடுத்தார்.
யாரும் இறங்கவில்லை.

ராத்திரி கணக்குப் பார்த்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு. முட்டைக் கடன் தனி.
காசை நீட்டினால் மாதி அக்கா கையைத் தள்ளினாள்.
"அடுத்த மாசம் என் பையனுக்கு ரயில் வேணுமாம்.
அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுடாதே."