ஜி ஆறு

நடுவருக்கு முகம் கூடாது.
பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
புருவம் ஏறினால் அது தகவல்,
பெருமூச்சு விட்டால் அது உதவி.
அதனால் எழும்பூர் ஹோட்டலின் இரண்டாம் மாடியில்
ஏசி பதினெட்டில் உறைய
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
மூன்றாம் பலகையருகே நின்றேன்,
துணிக்கடை பொம்மை மாதிரி.

கறுப்பில் நம்ம ராயபுரத்து ரெக்ஸ்லின்.
வெள்ளையில் ஸ்லோவேனியாவின் மாத்யாஷ் கோரென்,
நாலு நாளாக ரசம் சாதம் தவிர
எதுவும் வயிற்றில் தங்காதவர்.
கூட்டம் முழுக்க ரெக்ஸ்லின் பக்கம்.
கயிற்றுக்கு அப்பால் அவன் அம்மா
ஜெபமாலையைக் கைப்பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்றாவது நகர்த்தல்.
கோரென் யானையைத் தூக்கி
ராஜாவின் வாசலில், ஹெச் ஏழில்,
அங்கிருந்த சிப்பாயை எடுத்துவிட்டு வைத்தார்,
விடியற்காலையில் பால் பாக்கெட் வைப்பவரைப்போல
சத்தமில்லாமல்.
ரெக்ஸ்லின் நாற்பத்தொரு நிமிடம் யோசித்தான்.
ஒதுங்கியிருந்தால் ஒரு சிப்பாய் நஷ்டம், அவ்வளவுதான்,
ஆட்டம் இழுத்துப்பிடித்து டிராவாகியிருக்கும்.
எடுத்தான்.

ராணி வந்தாள், செக்.
ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பினார்.
இனி செக் மேல் செக் என்று
எல்லோரும் நாற்காலி நுனிக்கு வர,
கோரென் ஒரு சிப்பாயை
ஒரே ஒரு கட்டம் தள்ளினார்.
ஜி ஆறு.

செக் இல்லை. வெட்டு இல்லை.
ஒரு யானை போன பிறகு
பஸ் வர நேரமிருக்கிறது என்று
இன்னொரு டீ சொல்பவரின் நிதானம்.

எடுத்துவிடலாமே அந்தச் சிப்பாயை?
எஃப் ஏழுக்குக் கைக்கெட்டும் தூரம்.
அப்போதுதான் பார்த்தேன்,
பலகையின் மறுகோடியில், பி மூன்றில்,
வெள்ளை மந்திரி.
பன்னிரண்டு நகர்த்தலாக அங்கேயே,
தெருமுனையில் நிறுத்திப்போட்ட ஆட்டோவைப்போல
யார் கண்ணிலும் படாமல்.
எஃப் ஏழு நகரவே முடியாது,
அதன் முதுகுக்குப் பின்னால் ராஜா.

தாங்கவில்லை எனக்கு.
தலைமை நடுவரிடம் சைகை காட்டிவிட்டுப்
படிக்கட்டுக்குப் போய்
சுவரைப் பார்த்து "யப்பா" என்றேன்.
மாப் போட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிர்ந்தார்.
"என்னாச்சு மேடம்?"
"ஒண்ணுமில்லக்கா. ஒருத்தர் யானையக் குடுத்துட்டாரு."
"கோயிலுக்கா?"

திரும்பி வருகையில்
கறுப்பு ராஜா நடக்கத் தொடங்கியிருந்தார்.
எஃப் எட்டு. ஈ ஏழு. டி ஆறு.
ஐப்பசி மழையில் செருப்பைக் கையில் பிடித்தபடி
சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் இறங்குகிறவர்போல
ஒவ்வொரு அடியும் சரி,
போய்ச்சேரும் இடம்தான் இல்லை.

ரெக்ஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது.
இரண்டு நகர்த்தலுக்கு முன்பே கை நீட்டியிருக்கலாம்,
கிராண்ட்மாஸ்டர்கள் அப்படித்தான் செய்வார்கள்.
நீட்டவில்லை.
அந்த ஆட்டத்துக்கு அதன் கடைசி வரியைக் கொடுத்தான்.
ஈ ஐந்து, மேட்.
வைத்தது ராணியல்ல,
அதுவும் ஒரு சிப்பாய்.
பிறகுதான் கை.

யாரோ தட்ட ஆரம்பித்தார்கள்.
மற்ற பலகைகளில் ஆட்டம் நடக்கிறது,
"ஷ்ஷ்" என்றேன்.
அது என் வேலை.

கையெழுத்துக்கு வந்தன தாள்கள்.
கோரெனுடையது மருத்துவர் சீட்டுபோலக் கிறுக்கல்.
ரெக்ஸ்லினுடையது பள்ளிக்கூட எழுத்து,
ஒரு அடித்தல் இல்லை.
இருபத்தைந்தாவது வரியில் மட்டும்
எதிராளியின் ஜி ஆறுக்குப் பக்கத்தில்
பேனாவை அழுத்தி
ஒரு ஆச்சரியக்குறி.

விளையாடும்போது அப்படிக் குறிக்கக் கூடாது.
விதி எண்கூட எனக்கு மனப்பாடம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்,
ஒன்று, சுழியம் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது ஐம்பது தாம்பரம் வண்டியில்
ஈரக் குடையோடு ஒரு பெண்
"கொஞ்சம் தள்ளுங்களேன்" என்றாள்.
ஒரு கட்டம் தள்ளினேன்.
எதற்குச் சிரிக்கிறேன் என்று
அவளுக்குப் புரிந்திருக்காது.