வந்துள்ளேன், வாக்களிப்பேன்

வெருலம். டர்பனுக்கு வடக்கே
ஒரு பள்ளி மண்டபம். காலை வருகைப் பதிவு.
"எத்தியோப்பியா?"
அட்டையை உயர்த்தி, அவசரத்தில்,
"வந்துள்ளேன், வாக்களிப்பேன்" என்றுவிட்டேன்.
கென்யாவாக உட்கார்ந்திருந்த பிரெனேசன்
விலாவில் இடித்தான்:
வெறும் "வந்துள்ளேன்" போதுமே, மண்டு.
இனி நடுநிலை கிடையாது உனக்கு.
விதி பதினேழு.

"நான்" என்ற சொல்லுக்கு இங்கே அனுமதியில்லை.
எத்தியோப்பியா கருதுகிறது.
எத்தியோப்பியா வருந்துகிறது.
எங்கள் தெருக் குழாயில்
ஆறு நாளாகக் காற்று மட்டும் வருவதை
எத்தியோப்பியா எந்த வாக்கியத்தில் வைக்கும்?
தொண்ணூறு விநாடியில் முப்பது மிச்சம்.
எகிப்துக்குக் கொடுத்தேன்.
அவ்வளவுதான் கொடுக்க முடிந்தது.

மாலையில் கதவுகளை மூடினார்கள்,
குறிப்புச் சீட்டுகள் நின்றன.
கீழ்நாடுகளுக்குத் தண்ணீர் விடும் தீர்மானம்.
"எத்தியோப்பியா?"
"எதிர்க்கிறது."
என் குரல்தான். பிசிறே இல்லை.

உடனே மறுபடி அட்டையை உயர்த்தினேன்.
"எந்த விதியின் கீழ்?" என்றாள்
தலைவர் கெரிஷ்னி பிள்ளை.
"தனிநபர் வசதி."
"சொல்லுங்கள்."
"உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் கூஜா."

வாக்கெடுப்பு நடக்கும்போது செல்லாது என்று
சுத்தியலைத் தட்டினாள்.
கூஜாவில் தண்ணீர்
வட்டம் வட்டமாக அதிர்ந்தது.