பத்து கீச்சு என்றால் பூஜ்யம்

பில் போட்டது நான்தான்.
நாலு அங்குலக் குழாய் ஒன்று, ரெசின் இரண்டு கிலோ,
கண்ணாடி இழைத் துணி மூன்று மீட்டர்.
தண்ணித் தொட்டி ஒழுகுதா என்று கேட்டேன்.
இல்லக்கா, ராக்கெட்டு, என்றாள் ஜெனோவா.
ஜி.எஸ்.டி. நம்பர் உண்டா என்றேன்.
வேறென்ன கேட்பது.

குழாய் வெறும் அச்சுக்குத்தானாம்.
மேலே இழை சுற்றி, காய்ந்ததும் உருவிவிடுவார்களாம்.
எங்கள் கடைச் சரக்கு வானம் பார்க்காது என்பதில்
எனக்கு லேசான வருத்தம்.
படியிறங்கிய பிறகு திரும்பி வந்தாள்:
வளையம் வைத்த போல்ட் ஒண்ணு, பாராசூட்டு கட்ட.
பதினொரு ரூபாய்.

மாசி ஞாயிறு. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு
இட்டமொழி தாண்டி, தேரி ஓரம் ஸ்கூட்டியை நிறுத்துகிறேன்.
சிவந்த மணல். எட்டுப் பேர். கார் பேட்டரி. இட்லிப் பொட்டலம்.
போலீஸ் அனுமதிக் கடிதம் பறக்காதிருக்க
அதன் மேல் ஒரு கல்.
ஆடிக் காத்துல விட்டா மணப்பாட்டுல போயி மீன் பிடிக்கும்
என்கிறார் சுயம்புலிங்கம், மின்வாரியம்,
இன்று மட்டும் கழுத்தில் விசிலோடு.

என்னைவிட உயரம். எலுமிச்சை மஞ்சள்.
விலாவில் ஜெனோவாவின் கோணல் எழுத்தில் ‘வெருகு’.

ராக்கெட் எங்களுக்குப் புதிதில்லை.
மகேந்திரகிரியில் எஞ்சினைச் சோதித்தால்
பணகுடியில் சித்தி வீட்டு எவர்சில்வர் தட்டு தாளம் போடும்.
ஆனால் அது மலை செய்கிற வேலை.
இது கண்ணெதிரே, நூறு மீட்டரில்,
நான் ரசீது கிழித்த ஒன்று.

பத்து, ஒன்பது, எட்டு, ஏழு.
ஏழில் நின்றது.
ஆடுகள். நாற்பது இருக்கும், நேரே கம்பத்தைப் பார்த்து.
விசிலை எந்த ஆடு மதித்தது?
பின்னால் வந்தவர் கேட்டார்:
என்னவே, போர் போடுதியளா?

அந்த இருபது நிமிடத்தில்தான் உறைத்தது.
அந்த போல்ட் எங்களிடம் இரண்டு டப்பாவில் உண்டு.
காய்ச்சி அடித்தது முப்பத்தெட்டு.
கம்பியை வளைத்தது, வாய் ஒட்டாதது, பதினொன்று.
சொல்லலாம்.
ஜெனோவா ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்,
முகமெல்லாம் பல்.
சொல்லவில்லை.

மூன்று, இரண்டு,
முதலில் புகை. சத்தம் பிறகுதான் வந்து
நேரே விலா எலும்பில் ஏறியது.
கம்பம் காலி.
மஞ்சளாய் ஒரு குச்சி, அப்புறம் ஒரு கீறல், அப்புறம்
யாரோ நீட்டிய விரல் மட்டும்.

உச்சியில் ஒரு கணம் நின்றதாம். நான் பார்க்கவில்லை.
மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பட்டென்று சின்னதாய் ஒரு வெடி, எங்கோ தலைக்கு மேல்.
எல்லாரும் கத்தினார்கள்.
கத்தல் நல்லதா கெட்டதா என்று புரிய
இத்தனை நேரமா ஆகும் ஒரு மனுஷிக்கு?
நிமிர்ந்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு குடை,
அவசரமே இல்லாமல்.

உடைமரத்தில் சிக்கியிருந்தது.
முதலில் போய்ச் சேர்ந்தவள் நான், ஒரு செருப்போடு.
முள்ளுக்குள் ஏதோ குருவிக்குஞ்சு மாதிரிக் கத்துகிறது.
உயரத்தைச் சொல்லுதுக்கா, எண்ணுங்க, என்று
தூரத்திலிருந்து ஜெனோவா,
பத்து கீச்சுன்னா பூஜ்யம்!

ஒன்று.
இடைவெளி.
பத்து.
இடைவெளியில் வளையத்தைப் பார்த்தேன்.
கயிறு மூன்று நூல் தடிமன்.
வாய் இரண்டு நூல் திறந்திருக்கிறது.
ஆறு.
கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். இன்னும் சுட்டது.
மூன்று.

ஆயிரத்து அறுபத்து மூணு மீட்டர் என்று கூவினேன்,
பில் தொகை வாசிக்கிற அதே குரலில்.
மூச்சிரைக்க வந்துவிட்டாள்.
இனி விரலை எடுக்க வேண்டும்.