சின்ன ர, பெரிய ற

பேட்டையில் ஆவுடைநாயகம் அரிசி மண்டி.
அம்பை பதினாறு, மூன்று மூட்டை
அடியில் ஓட்டை விழுந்து
இரவெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது.
"எம்மா, சீட்டு எழுது. ஒரு எலிப்பொறி."
எழுதினேன். அவசரத்தில் எலியை விட்டுவிட்டேன்.
ற வரவேண்டிய இடத்தில் ர போட்டேன்.

சப்பாணிமுத்து டவுன் வரை சைக்கிள் மிதித்து
ஒரு படி பொரி வாங்கி வந்தான்.
டீ நேரத்தில் எல்லோரும் தின்றோம்.
மிச்சத்தை எலி தின்றது.

மறுபடி எழுதினேன், பெரிதாக.
ற.
அன்றைக்குத்தான் அதை நிதானமாகப் பார்த்தேன்:
வளைந்த முதுகு இரண்டு,
கீழிறங்கிச் சுருளும் ஒரு வால்.
எலி முதலிலிருந்தே எழுத்துக்குள்தான் இருந்திருக்கிறது.
நான்தான் திறந்துவிட்டிருக்கிறேன்.

வந்து சேர்ந்தது. கம்பிக்கூண்டு, சுருள்வில், கொக்கி.
நெற்றியில் ஒரு தகடு, தகட்டில் கம்பெனி முத்திரை.
முத்திரைக்கும் பொறி என்றுதான் பெயர்.
இந்தச் சீமையில் கயலைப் பொறித்துத்தான்
மலையும் குளமும் தனதென்றார்கள் ராசாக்கள்.
முதுகில் புள்ளி வைத்த வண்டுக்கும் அதே சொல்,
கொல்லன் பட்டறையில் தெறிப்பதற்கும்,
கண் காது மூக்கு நாக்கு உடம்பு
ஐந்துக்கும் சேர்த்து.

எது முதலில் வந்தது, எனக்குத் தெரியாது.
புள்ளிதான் என்று ஓர் எண்ணம்.
இருட்டில் ஒரு துளி வெளிச்சம்,
அது தோலில் விழுந்த இடத்தில் தழும்பு,
தழும்பு அடையாளமாகி, அடையாளம் எழுத்தாகி.
பிறகு எவனோ மூங்கிலையும் நாரையும் வளைத்து
வரப்போரம் குத்தவைத்துக் காத்திருந்திருப்பான்.
அது படாரென்று விழுந்த நொடியில்
அவன் வாய்க்கும் வேறு சொல் அகப்பட்டிருக்காது.

அகராதி ஓரத்தில் இன்னொரு பொருளும் கிடக்கிறது:
ஊழ்.

"பேராச்சி, நீதான் இன்சினியருல்லா. நீயே வையி."
ஆமாம். நான் பொறியாளர்.
நாலு வருஷம், இயந்திரவியல்.
பொறியை ஆள்பவள் என்று அச்சடித்த தாளை
அப்பா பஸ்ஸில் நாலு தடவை விரித்துப் பார்த்தார்.
கடன் நாலரை லட்சம்.
உள்ளே போகும்போது
வாசமாகத்தான் இருந்தது.

தேங்காய்ச் சில்லைக் கம்பியில் குத்தி
டீ அடுப்பில் காட்டினேன்.
எண்ணெய் கசிந்து இரண்டு பொறி பறந்தது.
கொக்கியில் மாட்டும்போது வில் நழுவி
கதவு என் கட்டைவிரலில் இறங்கியது.
கண்ணில் இன்னும் நாலு பறந்தது.
"பொறி கலங்கிப் போச்சோ?"
சப்பாணிமுத்து மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தான்.

காலையில் உள்ளே இருந்தது.
இவ்வளவுதானா என்கிற அளவுக்குச் சின்னது.
தேங்காயைத் தொடவே இல்லை.
மீசை நடுங்க
தன் ஐந்தையும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தது.
"வாய்க்கால்ல போட்டுட்டு வந்திருதேன்."
கூண்டு ஈரமாகத் திரும்பியது.
நெல்லைக் கால்வாய் கல்லாப்பெட்டி வரை சொட்டியது.
முக்கினானா, அக்கரையில் விட்டானா,
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

எந்தக் கணக்கில் எழுத என்றேன்.
"மிசின் கணக்குதான். தேய்மானம் வரும்லா."
சிட்டையில் எழுதினேன்:
இயந்திரம், எலிப்பொறி, ஒன்று, நூற்றெண்பது ரூபாய்.
இந்தத் தடவை பெரிய ற, தப்பில்லாமல்.
அதன் வால் மட்டும் கொஞ்சம் நீண்டு
அடுத்த வரிக்குள் இறங்கிவிட்டது.

அடுத்த வரி சம்பளம்.
பேராச்சி, ஒன்பதாயிரம்.
நல்லவேளை,
என் பெயரில் இருப்பது சின்ன ர.