மீதம் மூன்று வருடம், நான்கு மாதம்

ஊபியில், டயர்க்கடைக்கும் பொருளகக் கடைக்கும் நடுவே
அது நின்றது,
எந்தப் பக்கம் போனாலும் என்னைக் குனிந்து பார்க்கிற உயரம்.
முன்கண்ணாடியில் வெள்ளை மையால் விலை.
விலைக்குக் கீழே ஆயுள்:
மீதம் மூன்று வருடம், நான்கு மாதம்.

சாகும் தேதியை எழுதிவைத்து விற்பதை
பாலிலும் ரொட்டியிலும்தான் பார்த்திருக்கிறேன்.

"தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்கும், மேடம்,"
என்றாள் வென்டி ஆங்.
எங்கே இறங்குவது என்று நான் கேட்கவில்லை.
கணுக்கால் அளவு வெள்ளம் வந்தாலே
கைப்பேசி மூன்று முறை எச்சரிக்கும் ஊர்.

குணாளன் அதற்குள் ஏறிவிட்டிருந்தார்.
ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ்,
மணல், சேறு, பாறை, பனி.
ஒவ்வொன்றாகத் திருப்பினார்.
பனியில் கொஞ்ச நேரம் நின்றார்.
வெளியே முப்பத்துமூன்று டிகிரி.
அவர் முகத்தில் சிரிப்பு இல்லை,
அதனால் நானும் சிரிக்கவில்லை.

நான் கணக்குப் போடுகிறவள்.
ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்தை
நாற்பது மாதத்தால் வகுத்தால்
மாதம் மூவாயிரத்து இருநூறு.
நாளுக்கு நூற்றாறு வெள்ளிக்கு மேலே சில்லறை,
ஓடினாலும் நின்றாலும்.
பெட்ரோல் தனி, இஆர்பி தனி,
நிறுத்தக் கட்டணம், காப்புறுதி, சாலை வரி,
எல்லாம் தனித்தனி.
இருபத்தாறு வருடம்
தெம்பனிசிலிருந்து ஜூரோங்குக்கு
நின்றபடியே வேலைக்குப் போன மனிதரிடம்
இதை எந்தக் குரலில் சொல்வது?
சொன்னேன்.
"ம்" என்றார்.
சண்டை போட்டிருக்கலாம் அவர்.

மூன்றாம் வரிசைக் கால்விரிப்பைச் சும்மா தூக்கிப் பார்த்தேன்.
ஒரு பிடி மணல்.
வென்டி பதறிப்போய்த் தூசுறிஞ்சியைத் தேடினாள்.
முதல் உரிமையாளர் பிள்ளைகளோடு
ஈஸ்ட் கோஸ்ட் போவாராம், ஞாயிற்றுக்கிழமைகளில்.
வேறெங்கும் கரடுமுரடாக ஓட்டியதே இல்லை,
சத்தியமாக இல்லை என்றாள்,
அதுதான் இந்த வண்டியின் பெருமை என்பதுபோல.

ஈஸ்ட் கோஸ்ட்.
பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக்
கடலில் கொட்டி உண்டாக்கிய கரை.
அப்படியானால் இது
மலைக்குப் போய்வந்த வண்டிதான்.
மலை அங்கே படுத்திருந்தது, அவ்வளவுதான்.

மணலைக் காட்டி எண்ணூறு குறைக்கச் சொன்னேன்.
அறுநூறு குறைத்தாள்.
முன்பணத்துக்கு என் அட்டையைத்தான் நீட்டினேன்.
குணாளன் என்னைப் பார்க்காமல்
டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது.
புளோக்கின் கார் நிறுத்துமிட வாசலில்
இரண்டு மீட்டர் பத்து என்று ஒரு பலகை
சங்கிலியில் தொங்கும்.
இத்தனை வருடத்தில் நாங்கள் நிமிர்ந்து பார்க்காத பலகை.
இறங்கிப்போய்க் கையால் அளந்தார்.
நான்கு விரல் இடைவெளி.
"வா, வா, வா" என்று
கப்பலை உள்ளே விடுவதுபோல்
என்னை உள்ளே விட்டார்.

இரவு பதினொன்றரைக்குப் படுக்கையில் அவர் இல்லை.
நான்காம் தளத்தில்,
கூரியர் வேனுக்கும் தூணுக்கும் நடுவே
உள்விளக்கு எரிந்தது.
திரையில் வண்டியின் சின்னப் படம்,
அதன் கீழே, சாய்வு: 0.

"ஏறு," என்றார்.
நைட்டிக்கு மேல் அவருடைய பழைய கம்பெனி ஜாக்கெட்,
காலில் குளியலறைச் செருப்பு.
ஏறினேன்.
ஐந்தாம் தளத்துக்குப் போகும் சரிவில்
மெல்லத் திருப்பினார்.
எண் அசைந்தது.
இரண்டு.
நான்கு.
ஏழு.
ஏழில் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

முதுகு இருக்கையில் அழுந்த,
விளக்குகள் இரண்டும் கூரைக் கான்கிரீட்டைப் பார்க்க,
பின்னால் யாரும் வராத அந்தச் சரிவில்
கொஞ்ச நேரம் இருந்தோம்.
"சேறு வைக்கவா?" என்று கேட்டார்
குமிழில் கைவைத்து.

"பனி," என்றேன்.