காட்பாடியில் மூன்றே முக்கால் மணி நேரம்

பதினொன்று ஐம்பதுக்கு இறங்கினோம்.
அடுத்த வண்டி மூன்று முப்பத்தைந்துக்கு.
பெட்டிகளைக் காப்பறையில் போட்டுவிட்டு
ரசீதை மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார் கஜபதி.

இன்று எங்கள் இருபதாவது கல்யாண நாள்.
பதினாறைக் கப்பல் தின்றுவிட்டது.
யார் யாருடைய கல்யாண நாளுக்கோ
மெழுகுவத்தி ஏற்றி வைக்கிற வேலை.

"கரையிறங்குறவங்ககிட்ட ஒண்ணுதான் சொல்வேன்.
தூரமாப் போயிடாதீங்க, கப்பல் நிக்காது."
பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோ திணற,
தண்ணீரில்லாத மணலைப் பார்த்தபடி
போக இருபது, வர முப்பது என்று கணக்கு.

கிரீன் சர்க்கிள் பக்கம் ஏசி ஓட்டல்,
ஆட்டோக்காரர் சிபாரிசு.
துணியை அன்னமாக மடித்து வைத்திருந்தார்கள்.
இவர் அதைப் பிரித்து
இன்னும் நல்ல அன்னமாக மடித்தார்.
தண்ணீர் ஊற்ற வந்த பையனைப் பார்த்து
"வலப்பக்கமா வாப்பா" என்றார், மெதுவாக.

"எழுந்திருங்க" என்றேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பெயர்ப்பலகை பாதி உதிர்ந்த பிரியாணிக் கடை.
அண்டா அப்போதுதான் திறந்தது.
சீரகச் சம்பா, முள்ளுக் கத்தரிக்காய்த் தொக்கு.
ஈரத் தட்டைத் துடைக்க எழுந்த கையை
மேசையோடு அழுத்திப் பிடித்தேன்.
கொஞ்ச நேரம் திமிறியது,
பிறகு சோற்றில் இறங்கியது.

"எலும்பு உனக்கு" என்றார்.
இருபது வருடத்தில் அதுதான் பரிசு என்றால்
யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்று பத்துக்கே நடைமேடையில் நின்றோம்.
வண்டி நாற்பது நிமிடம் தாமதமாம்.
"மக்கன் பேடா சாப்பிட்டிருக்கலாம்" என்றார்,
விரலை முகர்ந்துகொண்டே.