பன்னிரண்டாம் மாதப் பெறுபேறு

முப்பது கேள்விகள்.
ஒன்று என்றால் கஷ்டமில்லை, ஐந்து என்றால் ஏலாது.
பொருத்தமான எண்ணுக்கு வட்டம் போட வேண்டும்.
வட்டம் போடுவதும் அந்தக் கையால்தான் என்பது
தாளுக்குத் தெரியாது.

மேசையில் கறுப்புத் தொலைபேசி,
அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்.
கல்கரியோ வன்கூவரோ,
பெயர் சொல்லக்கூடாதாம், இலக்கம் மட்டும்.
“இறுக்கமான போத்தல் மூடியைத் திறக்க ஏலுமா?”
ஏலும், பல்லாலே.
பல்லுக்கு எத்தனை?
மரிசோல் சிரிக்கிறாள். மூன்று போடுவோம் என்கிறாள்.

“திறப்பால் கதவைத் திறக்க?”
மே மாதம் என்றால் இரண்டு.
“போன கிழமையை மட்டும் சொல்லுங்கோ.”
போன கிழமை வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
கையுறைக்குள் மற்ற விரல்கள் நித்திரை,
இவை இரண்டும் மட்டும் முழித்திருந்து
பஸ் வரும்வரை பல்வலி மாதிரி விண்விண் என்றன.
அப்போ கதவுக்கு வெளியே நாலு,
உள்ளே வந்து பத்து நிமிடம் கழித்து இரண்டு.
அவள் நாலு என்று எழுதினாள்.

“கத்தியால் உணவை வெட்ட?”
சோற்றை யார் வெட்டுகிறார்கள்.
ஒன்று.

இருபத்தோராம் கேள்வியில் தொலைபேசி இருமியது.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“அம்மா... குடும்ப... குடும்ப வாழ்க்கையில்...”
பாவம் அந்த இலக்கம்.
கஷ்டமில்லை என்று போடச் சொன்னேன்.
மனுசன் எட்மன்டனில் லொறி ஓடி
வீட்டுக்கு வந்து நாலு மாதம் என்பதற்கு
அங்கே கட்டம் இல்லை.

டொக்டர் ஃபிரீசன் வந்தார். மடக்கச் சொன்னார்.
சுட்டுவிரல் உள்ளங்கையைத் தொட்டது.
நடுவிரல் ஒரு நெல்மணி தூரத்தில் நின்றுவிட்டது.
அவருக்குச் சந்தோசம்.

போன வருடம் இவர்தான் தாளில் கீறிக் காட்டினார்:
அறுந்த நுனி உள்ளுக்கு ஓடிவிட்டதாம்.
தசைநாண், என்றது அன்றைய தொலைபேசி.
எனக்கு உடனே விளங்கியது.
பாவாடை நாடா மடிப்புக்குள் போய்விட்டால்
ஊக்கில் கோர்த்து, துணியைச் சுருக்கிச் சுருக்கி
மற்ற வாயால் எடுக்கிறதுதானே.
சொன்னேன்.
தொலைபேசிக்கு நாடாவுக்கு ஆங்கிலம் வரவில்லை.

கண்ணாடி என் கையில் விழுந்தது என்று கோப்பில் இருக்கிறது.
விழவில்லை.
ஜன்னல் சட்டத்திலிருந்து அது வழுகியபோது
நான்தான் பிடித்தேன்.
இருநூற்று நாற்பது டொலர் கண்ணாடி.
விட்டிருக்கலாம்.

பிறகு கண்ணை மூடச் சொல்லி
மரிசோல் நைலோன் நூலால் தொட்டாள்.
தொடும்போது ஓம் சொல்ல வேண்டும்.
பெருவிரல், ஓம்.
சின்னவிரல், ஓம்.
நடுவிரலில் ஓம், ஓம் என்று இரண்டு தரம் சொன்னேன்.
அறையில் ஒரு அசைவும் இல்லை.
கண்ணைத் திறந்தால்
நூல் அவள் மடியில் கிடந்தது.

பிடிவலு பதினாறு கிலோ, இடக்கை இருபத்துநாலு.
மொத்தமாய் நூற்றுக்கு இருபத்தாறு.
இந்தச் சோதனையில் குறைந்தால்தான் திறமாம்.
நல்ல பெறுபேறு என்றார் டொக்டர்,
கை கொடுத்தார், வலதுகையைத் தேடி எடுத்து.
இருபத்தாறு எடுத்துப் பாராட்டு வாங்கியது
என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.
இனி வரத் தேவையில்லை.

பஸ்ஸில் வரும்போது அந்த முப்பதையும்
திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
தலை இழுக்க, கட்டில் விரிக்க, பல்ப் மாற்ற,
எழுத, பாரம் தூக்க.
சோறு குழைப்பதை ஒருவரும் கேட்கவில்லை.
சூடு தெரியாமல் குழைத்து,
கொப்புளத்தைக் கண்ணால் கண்டுதான் அறிந்தேன், ஒருநாள்.

ஏரி மீன் முள் கூடியது.
கண்ணால் தேடிப் பிரயோசனமில்லை,
பெருவிரலுக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில்
சதையை நசுக்கிப் பார்க்க வேண்டும்.
போன சனி மகளின் வாயில் ஒன்று அகப்பட்டது.
எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது.
அவள் நாக்கால் தள்ளி,
இரண்டு விரலால் எடுத்து,
தட்டின் ஓரத்தில் வைத்தாள்.
ஏழு வயது.
என் கையைப் பார்க்காமலே தட்டை நீட்டினாள்:
“மற்றத் துண்டை அப்பிடியே தாங்கோ.
நானே எடுக்கிறன்.”